கல்ச்சர் அறிக்கைகளை யார் எண்ணுவது? வடசென்னைச் சிறு மருத்துவமனைகளுக்கு ஐந்து வழிகள்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், திருவொற்றியூர் வட்டாரத்தில் நர்சிங் ஹோம் நடத்துகிறவர்கள் என்னைப் போன்ற நுண்ணுயிரியல் மருத்துவர்களிடம் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். "எங்களுடையது நாற்பது படுக்கை. கல்ச்சரை வெளி லேபுக்கு அனுப்புகிறோம். தரச் சான்றுக்காக ஆய்வு செய்ய வந்தவர்கள் ஆன்டிபயோகிராம் எங்கே என்று கேட்டார்கள். மெஷின் கம்பெனிக்காரர் வந்து விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வாங்கிவிடலாமா, சொந்தமாக லேப் போடலாமா, இருக்கிறபடியே ஓட்டலாமா?"

ஆன்டிபயோகிராம் என்பது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஓர் ஆண்டில் நம் மருத்துவமனை நோயாளிகளின் சிறுநீரிலும் ரத்தத்திலும் சீழிலும் வளர்ந்த கிருமிகளை இனவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு மருந்துக்கும் நூற்றுக்கு எத்தனை அடங்கின என்று போடும் ஓர் அட்டவணை. இரவு பதினொரு மணிக்குக் குளிர்ஜுரத்தோடு வரும் நோயாளிக்குக் கல்ச்சர் (மாதிரியில் இருக்கும் கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவு வர இரண்டு, மூன்று நாள் ஆகும். அதுவரை டியூட்டி டாக்டர் ஊகத்தின் பேரில்தான் மருந்து போடுகிறார். அந்த ஊகத்துக்கு ஒரு கணக்கைத் துணையாகக் கொடுப்பதுதான் இதன் வேலை.

இந்த ஊரில் அந்தக் கணக்கு இல்லாமல் முடியாது. 2010-இல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வந்த என்.டி.எம்-1 ஆய்வில், மெரோபெனம் வகை மருந்துகளையே சிதைத்துவிடும் அந்த நொதியைச் சுமந்த 44 கிருமிகள் சென்னையிலிருந்து எடுக்கப்பட்டவை. 2012-இல் மருத்துவச் சங்கங்கள் கூடி, இந்தியாவில் மருந்தெதிர்ப்பை எதிர்கொள்வதற்கான செயல்திட்டத்தை "சென்னைப் பிரகடனம்" என்ற பெயரிலேயே வெளியிட்டன. பெயர் நம்முடையது. அட்டவணைதான் பெரும்பாலான சிறு மருத்துவமனைகளில் இன்னும் இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஷின் வாங்குவதா என்பது இந்த வரிசையில் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

## எவற்றை வைத்து எடை போடுவது

முதலாவது எண்ணிக்கை. உலகெங்கும் ஆய்வகங்கள் பின்பற்றும் சி.எல்.எஸ்.ஐ. நிறுவனத்தின் எம்39 வழிகாட்டி, ஓர் இனத்தில் குறைந்தது 30 கிருமிகள் கிடைத்தால்தான் அதற்குச் சதவீதம் போடச் சொல்கிறது. அந்த 30 கூட மெலிந்த எண்ணிக்கைதான். முப்பதில் 21 அடங்கினால் 70 சதவீதம் என்று எழுதுவோம். புள்ளியியல் கணக்குப்படி உண்மை நிலை 52 முதல் 83 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அதே 70 சதவீதம் 300 கிருமிகளிலிருந்து வந்தால் 65-க்கும் 75-க்கும் நடுவில் நிற்கிறது.

நம் நாற்பது படுக்கைக்காரரின் நிலையைப் பாருங்கள். மாதம் 40 கல்ச்சர் அனுப்புகிறார், நான்கில் ஒன்றில் கிருமி வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 120. அதில் பாதி ஈ.கோலை என்றால் 60. கிளெப்சியெல்லா ஒரு 25 தேறும். சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர், ஸ்டாஃபிலோகாக்கஸ் எல்லாம் ஒற்றை இலக்கத்திலோ அதற்குச் சற்று மேலேயோ நின்றுவிடும். அதாவது ஆண்டு முழுவதும் உழைத்தும் ஒரே ஓர் இனத்துக்குத்தான் சதவீதம் போட முடியும். எவ்வளவு விலை கொடுத்து மெஷின் வாங்கினாலும் இந்த 25 முப்பதாகாது.

இரண்டாவது, அது யாருடைய கிருமி என்பது. பெரிய மருத்துவமனைக்கு நாலு இடத்தில் ஊசி போட்டுக்கொண்டு போய்ச் சேர்கிறவரின் கிருமியும், காசிமேட்டிலிருந்து நீர்க்கடுப்பு என்று நேராக நம்மிடம் வருகிற பெண்ணின் கிருமியும் ஒன்றல்ல.

மூன்றாவது, சோதனையின் தரம். நான்காவது, வேகம். இதில் இரண்டு வேகங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு நோயாளியின் அறிக்கை எவ்வளவு விரைவாக வருகிறது என்பது ஒன்று. ஆண்டு அட்டவணை எவ்வளவு புதியது என்பது வேறு. மெஷின் விற்பவர் முதலாவதைப் பேசுவார், ஆய்வுக்கு வந்தவர் இரண்டாவதைக் கேட்டிருப்பார்.

ஐந்தாவது, வேலை பார்க்க ஆள். இதைக் கடைசியில் சொன்னாலும் பாதித் திட்டங்கள் கவிழ்வது இங்கேதான்.

## வழி 1: ஐ.சி.எம்.ஆர். அறிக்கையையே வைத்துக்கொள்வது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013 முதல் மருந்தெதிர்ப்புக் கண்காணிப்பு வலையமைப்பை நடத்துகிறது. ஆண்டறிக்கை இலவசம். தரம் நல்ல தரம். 2021 அறிக்கையின்படி, மெரோபெனம் வகையைச் சேர்ந்த இமிபெனத்துக்கு அடங்கிய ஈ.கோலை 2016-இல் 86 சதவீதமாக இருந்து 64-க்கு இறங்கியது. கிளெப்சியெல்லா 65-லிருந்து 43-க்கு வந்துவிட்டது.

இந்த எண்களைப் படித்துவிட்டு ஒருவர் சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்கே பெரிய ஊசியைத் தேடினால் ஆச்சரியமில்லை. இந்த வழியின் மறைமுகச் செலவே அதுதான். வலையமைப்பில் இருப்பவை பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளும் உயர்சிகிச்சை மையங்களும். அங்கே படுத்திருக்கிறவரின் கிருமியைப் பார்த்து நம் புறநோயாளிக்கு மருந்து எழுதினால் தேவைக்கு மேல் எழுதுவோம், நாளைக்கு நம் அட்டவணையும் அவர்களுடையதைப் போலவே ஆகும். நல்ல வேளையாக, அந்த அறிக்கை புறநோயாளி, வார்டு, ஐ.சி.யூ. என்று பிரித்தும் தருகிறது. படிப்பதென்றால் மொத்தக் கணக்கை விட்டுவிட்டு அந்தப் பிரிவைப் படியுங்கள்.

சில விஷயங்களுக்கு இதை விட்டால் வேறு கதியில்லை. டைஃபாய்டு அதில் ஒன்று. எந்தச் சிறு மருத்துவமனையிலும் ஆண்டுக்கு 30 சால்மொனெல்லா டைஃபி வளராது. சிப்ரோஃப்ளாக்சசின் இந்தியாவில் டைஃபாய்டுக்கு ஏறத்தாழப் பயனற்றுப் போய்விட்டது, செஃப்ட்ரியாக்சோனும் அசித்ரோமைசினும் இன்னும் பெரும்பாலும் நிற்கின்றன என்ற செய்தியை தேசிய அளவிலான கணக்குதான் சொல்ல முடியும்.

## வழி 2: வெளி லேப், சொந்தப் பதிவேடு

பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே இதில் பாதி தூரம் வந்திருக்கிறார்கள். மாதிரி வெளியே போகிறது, அறிக்கை பி.டி.எஃப். ஆக வாட்ஸ்அப்பில் வருகிறது, டாக்டர் பார்க்கிறார், கோப்பில் போய்ச் சேர்கிறது. மீதிப் பாதி, அதை எண்ணுவது. அதைத்தான் யாரும் செய்வதில்லை.

எண்ணுவதற்கு ஹூநெட் என்ற மென்பொருள் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையம் ஒன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உருவாக்கியது, பல்லாண்டுகளாக உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது, ஒரு ரூபாய் கிடையாது. சாதாரணக் கணினியில் ஓடும். லேப் எக்செல் கோப்பாகக் கொடுத்தால் பேக்லிங்க் என்ற துணைக்கருவி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்னும் எளிமையாக வேண்டுமென்றால் எக்செல்லிலேயே தொடங்கலாம்.

பதிவேட்டை எப்படிப் போடுவது என்பதில்தான் சூட்சுமம். ஒரு நோயாளி, ஓர் இனம், ஓர் ஆண்டு: முதல் கிருமியை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஐ.சி.யூ.வில் ஒரு மாதம் கிடந்த ஒருவருக்கு ஏழு முறை கல்ச்சர் எடுத்திருப்பார்கள். ஏழிலும் எதற்கும் அடங்காத அதே கிளெப்சியெல்லா. மற்ற இருபது நோயாளிகளிடம் ஒவ்வொன்று, அவற்றில் பதினான்கு மெரோபெனத்துக்கு அடங்குகின்றன. சரியாகக் கணக்கிட்டால் இருபத்தொன்றுக்குப் பதினான்கு, அதாவது 67 சதவீதம். ஏழையும் சேர்த்தால் இருபத்தேழுக்குப் பதினான்கு, 52. ஒரே ஆள் மருத்துவமனையின் மருந்துக் கொள்கையையே மாற்றிவிட்டார்.

நம் ஊரில் இந்த விதியைக் கடைப்பிடிப்பதற்கு இருக்கும் முதல் இடைஞ்சல் பெயர். ஒரே நோயாளி ஓர் அறிக்கையில் "கலைச்செல்வி", அடுத்ததில் "கலை செல்வி", மூன்றாவதில் முன்னெழுத்து இடம் மாறி "கலைச்செல்வி மு." என்று நிற்கிறார். வயது 54, 55, 45. கணினிக்கு இவர்கள் மூன்று பேர். லேபுக்குப் போகும் ஒவ்வொரு படிவத்திலும் உள்நோயாளி எண்ணை எழுதுவது என்ற ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கூடவே எந்த வார்டு, சேர்ந்து எத்தனையாவது நாள் மாதிரி எடுத்தது என்ற இரண்டும் வேண்டும். சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு எடுத்த மாதிரியில் வளர்வது பெரும்பாலும் நம் கட்டிலில் தொற்றியது. வீட்டிலிருந்து வந்ததையும் இதையும் ஒரே வரியில் கலக்கக் கூடாது.

மறைமுகச் செலவுகள் இந்த வழியில்தான் அதிகம், அதுவும் எந்த பில்லிலும் வராதவை.

முதலாவது பயணம். மாலை ஆறு மணிக்கு எடுத்த சிறுநீர், மறுநாள் காலை பத்துக்கு வரும் லேப் பையனுக்காகக் கவுண்டர் மேசையில் காத்திருக்கிறது. சென்னை வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்த சிறுநீரில் கிருமிகள் தாமாகவே பெருகிவிடும். தொற்றே இல்லாதவருக்கும் "லட்சத்துக்கு மேல்" என்று அறிக்கை வரும். அதை உடனே குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் போரிக் அமிலம் போட்ட குப்பியில் எடுக்க வேண்டும். ரத்தக் கல்ச்சர் பாட்டிலுக்கு நேர் எதிர் விதி: அதைக் குளிரில் வைக்கவே கூடாது, சாதாரண அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு, நல்லெண்ணத்தோடு ஐஸ் வைத்து அனுப்புகிறவர்கள் உண்டு. இதற்கு மேல் திருவொற்றியூரிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ நகரின் மறுகோடிக்குப் போக வேண்டுமென்றால், துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மூலத் தரவு. பெரும்பாலான அறிக்கைகளில் அடங்கியது, அடங்காதது, இடைநிலை என்ற முடிவு மட்டும் இருக்கும். கிருமியை அடக்கிய மருந்தின் அளவு, கிருமி வளராத இடத்தின் விட்டம் என்று அளந்த எண் இருக்காது. அடங்கியது என்று எந்த எல்லைக்குள் சொல்வது என்பதே ஆண்டுக்காண்டு மாறுகிறது. ஈ.கோலை, கிளெப்சியெல்லா வகைக் கிருமிகளுக்கு அமிகாசின் எல்லையை சி.எல்.எஸ்.ஐ. 2023-இல் மில்லிலிட்டருக்கு 16 மைக்ரோகிராமிலிருந்து 4-க்கு இறக்கியது. புதிய எல்லைக்கு மாறிய லேபும் மாறாத லேபும் ஒரே கிருமிக்கு வேறு வேறு பதில் தரும். நீங்கள் நடுவில் லேபை மாற்றியிருந்தால், அமிகாசின் திடீரென்று விழுந்துவிட்டதாக அட்டவணை அலறும். எண் கையில் இருந்தால் பழையதையும் புதிய எல்லைக்கு மாற்றிக் கணக்கிடலாம்.

மூன்றாவது, மருந்துப் பட்டியலின் நீளம். இருபத்திரண்டு மருந்துகளுக்கு முடிவு போட்டு, கடைசி வரியில், வேறெதுவும் பலிக்காதபோது கொடுக்கும் கோலிஸ்டின் வரை அச்சடித்துத் தருவதைச் சில லேப்கள் தாராளம் என்று நினைக்கின்றன. பார்க்கிற கண் நேராகக் கீழே போகிறது. எளிய மருந்துக்கே அடங்கினால் பெரிய மருந்தின் முடிவை மறைத்து வைக்கும் படிநிலை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பதிவேட்டுக்கு முழு விவரமும் தனியாக வரட்டும்.

## வழி 3: சொந்த லேபில் டிஸ்க் முறை

1966-இல் பாவரும் கிர்பியும் அவர்களுடைய சகாக்களும் வகுத்த முறை இன்னும் சோறு போடுகிறது. கிருமி வளரும் கூழான அகார் ஊற்றிய தட்டில் கிருமியைப் பரப்பி, மருந்து தோய்த்த காகித வட்டங்களை வைத்து, 16 முதல் 18 மணி நேரம் கழித்து வட்டத்தைச் சுற்றி வளராத இடத்தின் விட்டத்தைத் தட்டின் பின்புறமிருந்து மில்லிமீட்டரில் அளப்பது. பொருள் செலவு மிகக் குறைவு. மாதிரி பயணம் போவதில்லை. அளந்த எண் நம்மிடமே இருக்கிறது.

எளிமையாகத் தெரிவதால் ஏமாறுகிறார்கள். அகார் 4 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். சிக்கனம் பார்த்து மெல்லியதாக ஊற்றினால் மருந்து பக்கவாட்டில் அதிகம் பரவி, கிருமி வளராத இடம் பெரிதாகும், அடங்காத கிருமி அடங்கியதாகத் தெரியும். கடாயில் மாவு ஊற்றுகிற கணக்கில் கண்ணளவில் செய்கிற வேலை அல்ல இது. டிஸ்க் குப்பியை நாள் முழுக்க மேசையில் திறந்து வைத்தால் ஈரம் ஏறி மருந்து வீரியம் இழக்கும், அப்போது தவறு எதிர்ப்பக்கம் சாயும். இவற்றைப் பிடிப்பதற்காகத்தான் ஏடிசிசி 25922 ஈ.கோலை போன்ற தர நிர்ணயக் கிருமிகளை ஒழுங்காக ஓட்டிப் பார்ப்பது. சிறிய லேப்களில் செலவைக் குறைக்க முதலில் கை வைப்பதும் அதில்தான்.

இந்த முறையால் முடியாதவையும் உண்டு. கோலிஸ்டினை டிஸ்க் வைத்துச் சோதிக்கவே கூடாது. அந்த மூலக்கூறு அகாரில் சரியாகப் பரவாது. படிப்படியாக நீர்த்த மருந்துத் திரவத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் திரவ நுண்நீர்த்தல் முறைதான் அதற்கு. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு வான்கோமைசினும் அப்படியே. மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸான எம்.ஆர்.எஸ்.ஏ.வைக் கண்டுபிடிக்க மட்டும் செஃபாக்சிடின் டிஸ்க் அருமையாக வேலை செய்கிறது.

பெரிய செலவு ஆள்தான். கிருமிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஒரே ஒரு டெக்னீஷியனை வைத்து ஓட்டினால் அவர் தீபாவளிக்கு ஊருக்குப் போன வாரம் தட்டுகள் மூன்று நாள் இன்குபேட்டரில் கிடக்கும். குறைந்தது இரண்டு பேர், அறிக்கையில் கையெழுத்திட ஒரு நுண்ணுயிரியல் மருத்துவர், தட்டுகளை அழிக்கத் தனி ஆட்டோகிளேவ், மின்சாரம் போனால் தாங்க ஏற்பாடு. ஆண்டுக்குச் சில ஆயிரம் கல்ச்சர் இல்லாமல் இது கட்டுப்படியாகாது என்பது என் கணிப்பு.

## வழி 4: தானியங்கி மெஷின்

வைட்டெக் போன்ற கருவிகள் நல்ல கருவிகள். கிருமியின் இனத்தைத் துல்லியமாகச் சொல்லும், அளந்த எண்ணைத் தரும், கை வேலையைக் குறைக்கும், ஹூநெட்டுக்குத் தரவைக் கொடுக்கவும் செய்யும். ஆனால் "ஒரே நாளில் முடிவு" என்று சொல்லும்போது கேட்டுக்கொள்ளுங்கள்: எப்போதிலிருந்து ஒரு நாள்? மாதிரியை மெஷினுக்குள் ஊற்ற முடியாது. முதலில் தட்டில் கிருமி வளர வேண்டும், அதற்கு ஓர் இரவு. அதன் பிறகுதான் அந்தக் கிருமியை ஏற்றி மெஷினில் வைக்கும் சோதனைக் கார்டு. டிஸ்க்கோடு ஒப்பிட்டால் கிடைக்கும் லாபம் சில மணி நேரம், அதிகம் போனால் முக்கால் நாள். அறிக்கையை மாலை ஐந்துக்கு மேல் யாரும் பார்க்காத மருத்துவமனையில் அந்த லாபமும் அச்சுப்பொறியிலேயே தூங்கும்.

மெஷினை இலவசமாக வைத்துவிட்டு, மாதம் இத்தனை கார்டு வாங்க வேண்டும் என்று ஒப்பந்தம் போடுவது வழக்கம். அந்த எண்ணிக்கையைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். மாதம் பத்துக் கிருமி வளரும் இடத்தில் ஐம்பது கார்டு வந்து இறங்கினால் மீதி குளிர்பதனப் பெட்டியில் காலாவதியாகும், அல்லது கார்டைத் தீர்ப்பதற்காகத் தேவையில்லாத மாதிரிகள் ஓடும். பராமரிப்பு ஒப்பந்தம், எல்லை மாறும்போது மென்பொருள் புதுப்பிப்பு, கார்டில் இல்லாத மருந்துக்குத் தனிச் சோதனை எல்லாம் தனித்தனி. கோலிஸ்டினுக்கு இந்தக் கருவிகளின் பதிலையும் அப்படியே நம்ப முடியாது. நுண்ணுயிரியல் மருத்துவர் தேவையில்லை, மெஷினே சொல்லிவிடும் என்று யாராவது சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பி.சி.ஆர். பேனல்கள் வேறு ரகம். ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் வளர்ச்சி தெரிந்த ஒரு மணி நேரத்தில் கிருமியின் பெயரையும் என்.டி.எம்., ஆக்சா-48 போன்ற மருந்தெதிர்ப்பு ஜீன்களையும் சொல்லிவிடும். செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற மருந்து ஆக்சா-48 இருந்தால் வேலை செய்யும், என்.டி.எம். இருந்தால் தனியாகச் செய்யாது, அஸ்ட்ரியோனம் சேர்க்க வேண்டும் என்பதால் ஐ.சி.யூ.வில் அந்த ஒரு மணி நேரம் உயிரைக் காக்கலாம். ஆண்டு அட்டவணைக்கு அதனால் பெரிய பயனில்லை.

## வழி 5: அக்கம்பக்கத்தோடு சேர்வது

எண்ணிக்கை போதாதபோது இரண்டு ஆண்டுகளின் தரவைச் சேர்க்கலாம், அல்லது ஒத்த நிலையில் உள்ள மருத்துவமனைகளின் தரவைச் சேர்க்கலாம் என்று எம்39 வழிகாட்டியே இடம் கொடுக்கிறது. இரண்டாவது யோசனை வடசென்னைக்குப் பொருந்துகிற அளவுக்கு நகரின் பிற பகுதிகளுக்குப் பொருந்துமா என்பது சந்தேகம். இங்கே நோயாளிகள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. திருவொற்றியூரில் ஒரு நர்சிங் ஹோமில் இரண்டு நாள், பணம் தீர்ந்ததும் இன்றும் முதியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லும் ஸ்டான்லி, புண் ஆறாமல் மறுபடி ராயபுரத்தில் வேறோர் இடம். அவர்களோடு கிருமியும் சுற்றுகிறது. தனித்தனி அட்டவணை போட்டாலும் அடியில் இருப்பது பெரும்பாலும் ஒரே குளம்தான். ஐந்து நர்சிங் ஹோம்கள் ஒரே லேபுக்கு அனுப்புவதும் சாதாரணம். அப்படியானால் தரவு ஏற்கெனவே ஒரே கணினியில் உட்கார்ந்திருக்கிறது, பிரித்துக் கேட்க ஆள்தான் இல்லை.

மறைமுகச் செலவு நம்பிக்கை. "எங்கள் ஐ.சி.யூ.வில் அசினெட்டோபாக்டர் இவ்வளவு" என்று பக்கத்துத் தெரு மருத்துவமனைக்குத் தெரிவதை யாரும் விரும்ப மாட்டார்கள். மருத்துவமனைப் பெயரை நீக்கி, மொத்த அட்டவணையை எல்லோருக்கும், தன்னுடைய பங்கை மட்டும் அவரவருக்கும் என்று லேப் கொடுத்தால் இது அடங்கும். இன்னொரு எச்சரிக்கை: டயாலிசிஸ் மையத்தையும் மகப்பேறு இல்லத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள். ஒத்தவை ஒத்தவற்றோடு சேரட்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | யாருடைய கிருமி | எண்ணிக்கை | மறைந்திருக்கும் செலவு | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|---|
| ஐ.சி.எம்.ஆர். அறிக்கை | பெரிய மையங்களின் நோயாளிகள் | தாராளம் | தேவைக்கு மேல் பெரிய மருந்து | டைஃபாய்டு, அரிய கிருமிகள், முதல் ஆண்டு |
| வெளி லேப் + பதிவேடு | நம்முடையது | பெரும்பாலும் ஈ.கோலைக்கு மட்டும் போதும் | பயணம், மூலத் தரவு, எண்ணும் ஆள் | 20 முதல் 60 படுக்கை |
| சொந்த டிஸ்க் லேப் | நம்முடையது | நம் அளவைப் பொறுத்தது | விடுமுறை நாள் ஆட்கள், தரச் சோதனை | ஐ.சி.யூ. உள்ள, நுண்ணுயிரியல் மருத்துவர் இருக்கும் இடம் |
| தானியங்கி மெஷின் | நம்முடையது | மாறாது | குறைந்தபட்சக் கார்டு, பராமரிப்பு | நூறு படுக்கைக்கு மேல், நிறைய ரத்தக் கல்ச்சர் |
| அக்கம்பக்கக் கூட்டு | நம் வட்டாரம் | போதுமானது | நம்பிக்கை, ஒருங்கிணைக்க ஒருவர் | ஒரே லேபுக்கு அனுப்பும் சிறு மருத்துவமனைகள் |

## எந்த வழியையும் கெடுத்துவிடும் ஒன்று

ஐந்தில் எதை எடுத்தாலும் அட்டவணையைப் பொய்யாக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. காய்ச்சலோடு சேர்கிறவருக்கு செஃப்ட்ரியாக்சோன் தொடங்குகிறார்கள். மூன்றாம் நாள் குணமானால் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், கல்ச்சர் இல்லை. குணமாகாவிட்டால் நான்காம் நாள் கல்ச்சர் போகிறது. அப்போது வளர்வது என்ன? செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்காத கிருமி மட்டும்தான், அடங்கியவை செத்துப்போயிருக்கும். இப்படி ஓர் ஆண்டு சேர்த்தால், "எங்களிடம் செஃப்ட்ரியாக்சோன் 20 சதவீதம்தான் வேலை செய்கிறது" என்று அட்டவணை சொல்லும். உண்மையில் அது யாருக்கெல்லாம் வேலை செய்ததோ அவர்கள் கணக்கிலேயே வரவில்லை. அதைப் பார்த்து எல்லோருக்கும் மெரோபெனம் என்று கொள்கை வகுத்தால், அடுத்த ஆண்டு மெரோபெனத்துக்கும் அதே கதி.

இதற்கு மாற்று, முதல் டோஸுக்கு முன் மாதிரி. அது நடக்காததற்குக் காரணம் நோயாளியின் சட்டைப்பை. முதல்வர் காப்பீட்டுத் திட்டத் தொகுப்பில் வருகிறவருக்குக் கல்ச்சர் செலவு மருத்துவமனையின் தலையில் விழுகிறது, கையில் காசு கட்டுகிறவர் "முதலில் ஊசி போடுங்க டாக்டர், டெஸ்ட் அப்புறம்" என்கிறார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. எல்லோருக்கும் முடியாவிட்டால் சேரும்போதே ஐ.வி. ஆன்டிபயாட்டிக் தொடங்கும் நோயாளிகளுக்கு மட்டுமாவது என்று வரம்பு கட்டுங்கள். ரத்தம் என்றால் இரண்டு செட், பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. ஒரே பாட்டிலில் தோல் ஸ்டாஃபிலோகாக்கஸ் வளர்ந்தால் அது தொற்றா, ஊசி குத்தும்போது ஒட்டியதா என்று யாராலும் சொல்ல முடியாது, பாதுகாப்புக்கென்று வான்கோமைசின் ஏறும். மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை இந்தக் கல்ச்சர்களுக்கு ஒதுக்குங்கள் என்பேன். எண்ணிக்கையும் கூடும், எண்ணமும் நேராகும்.

அட்டவணை வந்த பிறகு அதை எப்படிப் படிப்பது என்பதையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு 80 சதவீதம் அடங்கும் மருந்து போதும். தொற்றால் உயிருக்கே ஆபத்தாகும் செப்சிஸில் 90-க்குக் குறைந்ததை நம்பித் தொடங்கத் தயங்க வேண்டும் என்பது பரவலான நடைமுறை. சிறுநீரைத் தனி அட்டவணையாகப் போடுங்கள், ஏனென்றால் நைட்ரோஃபுரான்டாயினும் வாய்வழி ஃபாஸ்ஃபோமைசினும் அங்கே மட்டுமே பொருள் தரும், அங்கே நம் ஊரில் இன்னும் நன்றாகவே வேலை செய்கின்றன. புரோட்டியஸுக்குப் பக்கத்தில் கோலிஸ்டினோ நைட்ரோஃபுரான்டாயினோ அடங்கியதாக இருந்தால் சோதனையில்தான் கோளாறு, அந்தக் கிருமி பிறவியிலேயே இரண்டுக்கும் அடங்காதது. எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியின் சென்ற மாதக் கல்ச்சர் கையில் இருந்தால் அட்டவணையை மடித்து வைத்துவிட்டு அதைப் பாருங்கள்.

## அப்படியானால் நாற்பது படுக்கைக்காரர்

வழி 2-ஐ உடனே தொடங்கி, ஓராண்டுக்குள் வழி 5-க்குப் போகச் சொல்வேன். கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் வரிகள் நிரம்பும் வரை ஐ.சி.எம்.ஆர். அறிக்கையின் வார்டுப் பிரிவு துணைக்கு இருக்கட்டும். நூறு படுக்கை, பத்துப் படுக்கை ஐ.சி.யூ., டயாலிசிஸ் என்று வளர்ந்த இடமானால் சொந்த லேப் பற்றி யோசிக்கலாம். அங்கேயும் முதலில் ஆள், பிறகு டிஸ்க், அதன் பிறகே மெஷின். மகப்பேறு மட்டும் பார்க்கும் சிறிய இல்லம் என்றால் தனி அட்டவணை ஆசையே வேண்டாம், கூட்டில் சேர்ந்துவிடுவது நல்லது.

லேபோடு போடும் ஒப்பந்தத்தில் நான்கு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா முடிவுகளும் எக்செல் கோப்பாக வர வேண்டும். முடிவோடு அளந்த எண்ணும் இருக்க வேண்டும். எந்த ஆண்டின் எல்லை மதிப்பைப் பயன்படுத்தினார்கள் என்று அறிக்கையில் போட வேண்டும். கோலிஸ்டினை எந்த முறையில் சோதித்தார்கள் என்று எழுத வேண்டும். பெரிய லேப்களுக்கு இது கூடுதல் வேலையே அல்ல, கணினியில் ஒரு கட்டளை. தர முடியாது என்று சொல்கிற லேபை மாற்றிவிடலாம். வடசென்னையில் மாதிரி எடுக்க வரும் லேப்களுக்குப் பஞ்சமில்லை.